காவலாளிகளின் பெயரையும் மறைக்காத கோட்டை

ஜூலை 24, இல்ஃபோர்ட், லண்டன்

பேத்திக்குப் பள்ளி விடுமுறை. நான்தான் விடாப்பிடியாக அவளை பெல்ஜியத்துக்குக் கூட்டிப்போனேன். யூரோஸ்டாரில் பிரசல்ஸ், அங்கிருந்து ஆன்ட்வெர்ப் போகும் வழியில் பிரேண்டொங்க் கோட்டை.

முதலாம் உலகப் போருக்கு முன்பு ஆன்ட்வெர்ப் நகரைக் காக்கக் கட்டிய கோட்டை அது. 1940 செப்டெம்பரில் நாஜிகள் அதைச் சிறைமுகாமாக்கினார்கள். நாலு வருடத்தில் ஏறக்குறைய 3,500 பேர் உள்ளே போனார்கள். கோட்டையை மூடிக்கிடந்த மண்ணையெல்லாம் அரைப்பட்டினியோடு கைதிகளே வெட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி அகற்றவேண்டும். அந்த மண்ணாலேயே சுற்றிவர உயரமான கரை எழுந்தது, வெளியே நிற்பவர் கண்ணுக்கு உள்ளே நடப்பது தெரியாதபடி. ஓடமுடியாமல் விழுந்தவனுக்கு அடி.

வெடிமருந்து வைத்திருந்த அறைதான் சித்திரவதைக் கூடம். கையைப் பின்னால் கட்டி, கொக்கியில் மாட்டித் தூக்குவார்களாம். தோள்மூட்டு கழன்றுவிடும். 1943இல் அப்படித் தூக்கப்பட்ட எழுத்தாளர் ழான் அமெரி, பின்னாளில் அதை எழுதி உலகத்துக்குச் சொன்னார். அந்த அறையில் என்னால் அதிக நேரம் நிற்கமுடியவில்லை.

பேத்தி காவலாளிகளின் படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“அப்பப்பா, இவை ஜெர்மன்காரர் இல்லையே?”

“கனபேர் இந்த ஊர்க்காரர்தான், பிள்ளை.”

“அதையும் இந்த ஊராக்களே எழுதி வைச்சிருக்கினமே!”

அவள் பிடித்த இடம் சரியான இடம். நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து சொந்தச் சனத்தை அடித்த பெல்ஜியக்காரரை 1946இல் மெகலன் நகரில் இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. மரணதண்டனையும் விதித்தது. அடுத்த வருடமே கோட்டையைத் தேசிய நினைவிடமாக்கினார்கள். காயம் ஆறட்டும் என்று காத்திருக்கவில்லை.

ஜூலை 25

இன்று வெலிக்கடை நாள். 1983இல் இதே நாளில் கொழும்பு வெலிக்கடைச் சிறையின் சப்பல் பகுதியில் 35 தமிழ்க் கைதிகளைச் சிங்களக் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொன்றார்கள். போராளிகளான குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் எல்லோரும் அன்றுதான் போனார்கள். தப்பியவர்களைக் காப்பாற்ற இடையில் ஒரு முழுநாள் இருந்தது. 27ஆம் திகதி இன்னும் 18 பேர். காந்தியம் அமைப்பின் டொக்டர் ராஜசுந்தரம், வன்முறையில் வீடிழந்த மலையக மக்களை வவுனியாவில் குடியேற்றியவர், அதில் ஒருவர். அரசின் காவலுக்குள் நடந்த 53 கொலைகள். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

எங்கள் இலங்கையில் சிறைகளுக்கு வேறு விதி எழுதியிருக்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையில் அரசுக்கு எதிரான 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட சிங்கள இளைஞர்களை அடைத்தார்கள். இப்போது கடற்படை அதை உல்லாச விடுதியாக நடத்துகிறது. நினைவிடம் இல்லாதது தமிழரின் குறை மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் போய் நிற்க ஓரிடம் வேண்டும்.

வெலிக்கடைச் சிறையைக் கொழும்புக்கு வெளியே மாற்றப்போவதாகப் பல காலமாகப் பேச்சிருக்கிறது. மாற்றினால் நிலத்துக்கு நல்ல விலை கிடைக்கும். விற்பதற்கு முன், சப்பல் பகுதியை இடிக்காமல் விடவேண்டும். 53 பெயர்களையும், கொலையாளிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் யாரென்பதையும் மூன்று மொழியிலும் அங்கே எழுதவேண்டும். இல்ஃபோர்டில் இருந்துகொண்டும் இதைக் கேட்கலாம். எங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். ஆங்கிலத்தைப் பேத்தி திருத்தித் தருகிறாள்.