ஒரு மதிப்புரைக்குத் திருத்தம்

ஏழு வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதிக்கு இந்தப் பக்கங்களில் மதிப்புரை எழுதினேன். சிப்பிக்குள் புகுந்த மணல் உறுத்தி முத்தாகும். இவரிடம் வலி மணலாகவே தங்கிவிட்டது என்று முடித்திருந்தேன். அந்த வாக்கியம் பலருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான். நண்பர் அதற்குப் பிறகு எழுதவில்லை.

தூத்துக்குடியில் பிறந்து, இங்கேயே வங்கியில் பேரேடு பார்க்கிறவன் நான். முத்து எப்படி உண்டாகிறது என்று யாரையும் கேட்டதில்லை. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் உவமையில் வந்த முத்துதான்.

சென்ற மாதம், கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்யும் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். "சிப்பி கெடக்கதே பார்லயும் மணல்லயும்தான் மாமா. மணலுக்கு முத்து வரும்னா எல்லாச் சிப்பியிலயும்ல இருக்கணும்?"

பிறகு விளக்கினாள். 1973-இல் இவ்வூர் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமி உருண்டை முத்தை விளைவித்தார். இந்தியாவில் அதுவே முதல். ஜப்பானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்த வழி. ஓட்டில் கடைந்த சிறு மணியைச் சிப்பியின் இனப்பைக்குள் வைக்கிறார்கள். கூடவே, வேறொரு சிப்பியின் மேன்டிலிலிருந்து, அதாவது ஓட்டைச் சுரந்து கட்டும் மெல்லிய சதையிலிருந்து, 2 மில்லிமீட்டர் துண்டு. அத்துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாகிறது. பை படலம் படலமாகச் சுரக்கிறது.

"மணி இல்லாமக்கூட சின்ன முத்து வரும். அந்தத் துண்டு இல்லாம வராது."

"துண்டு கொடுத்த சிப்பி?"

"அது செத்துரும் மாமா."

1902-இல் இலங்கை முத்துப்பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மனும் ஹார்னெலும் முத்தின் நடுவில் நாடாப்புழுவின் லார்வாவைத் தேடினார்கள். அவர்கள் பார்வையும் மையத்தின்மீதுதான். நம் விமர்சனமும் அப்படியே. கரு என்ன, வலி நிஜமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். வலி யாரிடம் இல்லை? அதைச் சூழ்ந்து சுரக்கும் பாஷை வேண்டும். அது பெரும்பாலும் இன்னொருவரிடமிருந்து, பல சமயம் இறந்தவர்களிடமிருந்து, வருகிறது.

தொகுதியை மறுபடியும் படித்தேன். முன்னோடிகளின் குரல் கேட்கிறது என்று நான் குறையாகச் சுட்டிய இரண்டு கவிதைகளில்தான் ஏதோ சுரக்கத் தொடங்கியிருக்கிறது. மற்றவை இன்றும் தேறவில்லை. அதை மாற்றிச் சொல்வதற்கில்லை. ஆனால் சிப்பிக்கே மாதக்கணக்கில் அவகாசம் தருகிறார்கள். நான் அந்த இரண்டுக்கும் ஒரு மாலைதான் தந்தேன்.

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது வந்த இடத்திலேயே இதுவும் வரட்டும். நண்பருக்கு இன்னும் இதழ் போகிறது என்று கேள்வி.