விட்டுவிட்டு வரும் குளிர்

பழைய காரின் குளிர்சாதனம் ஒரேயடியாக நின்றுபோனால் பழுது இன்னதென்று விரைவில் தெரிந்துவிடும். விட்டுவிட்டு வேலை செய்வதுதான் துன்பம். பட்டறை வாசலில் அது நன்றாகவே குளிரும்.

பதினெட்டு ஆண்டுகள் ஓடிய எங்கள் காரில் வாரம் இருமுறை அம்மாவை டயாலிசிஸ் சிகிச்சைக்காகத் திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். காலையில் போகும்போது குளிரும். நண்பகலில் திரும்பும்போது, சோர்ந்த அவர் முகத்தில் அனற்காற்று வீசும். தாகம் எடுத்தாலும் அளந்தே நீர் அருந்த வேண்டிய உடம்பு அது. இரண்டு பட்டறைகளில் கேஸ் நிரப்பினார்கள், பயனில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு முதிய மெக்கானிக், "எந்த நேரத்தில் நிற்கிறது?" என்று மட்டும் கேட்டார். எஞ்சினை வெயிலில் நெடுநேரம் ஓடவிட்டார். கம்ப்ரசரின் கிளட்ச் விடுபட்டதும், நீண்ட மரக்குச்சியால் அதன் தட்டை மெல்ல உந்தினார், ஒட்டிக்கொண்டு சுழன்றது. மின்காந்தச் சுருள் சூடேறினால் மின்தடை கூடி ஈர்ப்பு குறையும். தேய்ந்து அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க அதனால் இயலாது. ஆறியதும் மீண்டும் பிடிக்கும். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி அது. உள்ளிருந்த மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டுப் பூட்டினார். வேலை முடிந்தது.

1940ஆம் ஆண்டு மாடல் பேக்கார்ட் கார்களில் குளிர்சாதனம் வந்தபோது இந்தக் கிளட்சே கிடையாது. கம்ப்ரசரை நிறுத்த வேண்டுமானால் இறங்கிப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

இப்போதெல்லாம் அம்மா திரும்பும் வழியில் உறங்கிவிடுகிறார்.