நூல் பிசகினால்

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழைப் பக்கம். கேப்டன் லட்சுமியின் தாய்வழித் தறவாடு அங்கேதான். மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அருகே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே. இந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் செல்லார்கோவில் மேட்டில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரித்த பாய் போலத் தெரியும். தினமும் விடியற்காலையில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகள் மேலே ஏறுகின்றன. ஏலக்காய் பறிக்கும் தமிழ்ப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அவர்களுக்கு முன்பே, இரவில், இன்னொரு கூட்டம் தோட்டத்துக்கு வந்து போயிருக்கும். காட்டுப்பன்றிகள். மரவள்ளி, சேனை, சேம்பு என்று மண்ணுக்குள் எது இருந்தாலும் தோண்டி எடுத்துவிடும். ஆறு மாத உழைப்பு ஓர் இரவில் போய்விடும்.

2022 மே மாதம் கேரள அரசு இதற்கு ஒரு வழி செய்தது. மக்களை வதைக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களிடமே கொடுத்தது. சுடுகிறவர் துப்பாக்கி உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு மாதிரி முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும். கேரளத்தில் அந்தப் பொறுப்பு ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் மனிதரின் தோளில் ஏறியிருக்கிறது.

அந்தத் துப்பாக்கிகளில் பல, அப்பா காலத்தவை. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கிகள்; அபூர்வமாக, வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிள். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்துவிட்டு, பன்றி வந்த பிறகு வெளியே வருகின்றன. எண்ணெய் போட்டுத் துடைத்தால் குழல் பளபளக்கும். ஆனால் குழலின் நுனியில் இருக்கும் சின்ன முள்? அதை முன்குறி என்று சொல்லலாம். கடைக்காரர்கள் வாயில் அது ஃபோர்சைட். சில துப்பாக்கிகளில் அது விழுந்து தொலைந்திருக்கும். குழலில் துளை போடாமலும் சூடேற்றிப் பற்றவைக்காமலும் புதிதாக ஒன்றைப் பொருத்த எளிய வழி, பட்டைபோல் குழலைச் சுற்றிப் பிடித்துத் திருகாணியால் இறுக்கும் கிளாம்ப் முன்குறி.

எளிய வழிதான். ஆனால் குழல் உருண்டையானது. அதைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை எந்தப் பக்கமும் திரும்பும்.

அப்பா விட்டுப்போன ரைஃபிளுடன் ஆனைக்கரைப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர், உரிமம் பெற்ற ஒரு பழுது பார்க்கும் கடைக்கு மலையிறங்கி வந்தார். கிளாம்ப்பை அவரே வாங்கி வைத்துப் பார்த்திருந்தார்.

“நேராத்தானே இருக்கு, அண்ணாச்சி?”

கடைக்காரர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “கண்ணுக்கு நேர் முதலாளி. நூலுக்கு நேர் இல்லை.”

அவர் சொன்னது கொத்தனாரின் பாஷை. செய்ததும் கொத்தனார் வேலைதான். முதலில் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். தோல் வைத்த இடுக்கியில் அதைப் பிடித்து, குழலோடு சேர்ந்த தட்டையான பகுதியில் ரசமட்டம் வைத்துச் சமன் செய்தார. எதிர்ச் சுவரில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். பின்குறியின் பள்ளம் வழியாகப் பார்த்தால் முன்குறியின் முள் அந்த நூலோடு ஒன்றாக நிற்க வேண்டும். குழலில் இருந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டுத் திருகாணிகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினார். ஒன்றை ஒரேயடியாக முறுக்கினால் பட்டையும் கூடவே திரும்பிவிடும். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு தடவை நூலைப் பார்த்தார். கடைசியில் பட்டையும் குழலும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு கீறினார். நாளைக்குச் சுட்ட அதிர்வில் பட்டை நகர்ந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? கணக்கு சொல்லும். முள்ளின் நுனி குழலின் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டை 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் திரும்பினால் நுனி 1 மில்லிமீட்டர் விலகும். கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும் கோணம் அது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்றால், அந்த 1 மில்லிமீட்டர் 60 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டராகிவிடும்.

முள் வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு இடப்பக்கம் போகும். சுடுகிறவர் சாய்ந்த முள்ளை நடுவுக்குக் கொண்டுவரக் குழலையே இடப்பக்கம் திருப்பிவிடுகிறார் அல்லவா? அதனால்தான் திருத்தும்போது குண்டு போன பக்கமே முன்குறியை நகர்த்த வேண்டும். புதியவர்கள் எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டுக் கோளாறை இரட்டிப்பாக்குவார்கள். குண்டு தாழ்ந்தால் முள்ளின் உயரத்தை அரத்தால் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது. இதெல்லாம் முறையான சுடுதளத்தில், அசையாத தாங்கலில் வைத்து, மூன்று மூன்றாகச் சுட்டு, அந்த மூன்றின் நடுவைப் பார்த்துச் செய்ய வேண்டியது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் சோதிக்கவும் தொழில் உரிமம் கேட்பதில் அர்த்தமிருக்கிறது.

2016 ரியோ ஒலிம்பிக் போட்டியன்று அபினவ் பிந்த்ராவின் ரைஃபிளில் குறிக்கருவியைத் தாங்கும் பாகம் உடைந்தது. மாற்றுப் பாகத்தைப் பொருத்திச் சுட்டு நான்காவது இடத்தில் முடித்தார். அங்கே பிசகினால் போவது ஒரு பதக்கம்.

ஏலத்தோட்டத்தில் பிசகினால் போவது வேறு. பன்றியின் நெஞ்சில் உயிர்நிலை ஒரு சின்னத் தட்டு அகலம்தான். நடுவில் குறிவைத்த குண்டு 10 சென்டிமீட்டர் விலகினால் தட்டின் விளிம்புக்கோ வெளியிலோ போகும். பன்றி சாகாது, காயத்தோடு ஏலப்புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் அதே புதரடியில் காய் பறிக்கக் குனிகிறவர் கம்பத்திலிருந்து வந்த ஒரு பெண்ணாக இருக்கலாம். காயம்பட்ட பன்றி ஆளைப் பார்த்து ஓடாது, ஆள் மேல் ஓடும். எதிலும் படாத ரைஃபிள் குண்டோ கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடியது.

1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் ரைஃபிள் பிடிக்கக் கற்ற பெண்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். அந்தத் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றார்கள். இடுக்கி ஆனைக்கரையின் தோட்டத்துப் பெண்கள், தங்களுக்குத் தெரியாமலே, அதன் முன்னால் நடக்கிறார்கள்.

உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண் இருக்கிறது, வகை இருக்கிறது, உரியவரின் பெயர் இருக்கிறது. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அதில் இல்லை. அதைப் பார்க்க வேண்டியவர் துப்பாக்கியை எடுக்கிறவர்தான். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து சுடுவதற்கு அனுமதி தரும். குறியை நேராக்கித் தராது. மழைக்காலத்தில் பட்டைக்கு அடியில் ஈரம் இறங்கித் துருவேறும். ஒவ்வொரு சுடுதலிலும் திருகாணி கொஞ்சம் தளரும். கீறிய கோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

காலையில் ஜீப்பிலிருந்து இறங்குகிறவருக்கு அந்தத் திருகாணியைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, தெரிந்திருக்க வேண்டியவர் அதை இறுக்கியிருந்தால்.