கை நிற்க வேண்டிய இடம்

உழைப்பின் மேன்மையைப் பற்றி மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான். ஆனால் வீட்டுத் தண்ணீர்க் குழாயொன்றின் தலையைக் கழற்றவும் எனக்குத் தெரியாது என்ற உண்மை கல்கிசைக்குக் குடிவந்த பிறகுதான் விளங்கிற்று.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வாடகை வீடு. உப்புக் காற்று இரும்பை ஓய்வின்றித் தின்னும் இடம். ஒருநாள் குசினிக் குழாய் சொட்டத் தொடங்கியது. நொடிக்கு ஒரு துளிதானே என்று இருந்துவிட்டேன். ஓரிரவு பத்து மணிக்கு வாளியொன்றை வைத்துக் காலை ஆறு மணிக்கு அளந்து பார்த்தேன். ஏழு லீற்றர்! நாளொன்றுக்கு இருபது லீற்றருக்கு மேல்! களனி கங்கையிலிருந்து இறைத்து, அம்பத்தளையில் சுத்திகரித்து, எத்தனையோ பேருடைய உழைப்பால் எங்களை வந்தடையும் நீர், என் அறியாமையால் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அயலவர் ஒரு பாஸை அழைத்து வந்தார். முதியவர், சிங்களவர், தமிழும் பேசுவார். ‘பாஸ்’ என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. எசமான் என்பது அதன் பொருள். அலுவலகத்து மேலதிகாரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். ஆயினும் அந்த எசமானுக்கு நாற்காலி கொடுக்கிறோம். இந்த எசமானுக்குப் பின்வாசலைக் காட்டுகிறோம்.

அவர் குழாயைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுக்கு நான் எதுக்கு மாத்தயா? நீங்களே செய்யலாமே” என்று ஸ்பனரை என் கையில் வைத்தார்.

மீற்றருக்கு அப்பாலுள்ள வால்வை முதலில் மூடச் சொன்னார். குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிட்டேன். தலையைக் கழற்றியபோது, தேய்ந்து பிளந்த சிறு றப்பர் வாஷர் ஒன்று வெளிவந்தது. அதே அளவில் புதியதொன்றைப் போட்டுப் பூட்டினேன். சொட்டு நின்றது. வாஷரை மாற்றியும் சொட்டினால், அது அமரும் பித்தளை விளிம்பு அரித்துப்போயிருக்கும் என்றும், அப்போது குழாயையே மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். புதுக் குழாயின் திருகுப் புரியில் வெள்ளை நாடாவை, குழாய் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டுமாம்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே வளைந்து நிற்கும் குழாயையும் காட்டினார். அந்த வளைவில் தேங்கும் நீரே சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. கழிப்பறைக்கு இத்தகைய வளைவை அமைத்து 1775இல் காப்புரிமை பெற்ற அலெக்சாந்தர் கமிங், கடிகாரம் செய்த ஒரு தொழில்வினைஞர். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் விழும். கீழே வாளியை வைத்து, கையாலேயே கழற்றிக் கழுவிவிடலாம்.

“அசிட் மட்டும் ஊற்ற வேண்டாம் மாத்தயா. அடுத்துக் கழற்ற வாறவன்ட கண்ணில தெறிக்கும்.”

அடுத்துக் கழற்ற வருகிறவன்! அவனைப் பற்றி நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

எது வரை என் கை போகலாம் என்பதையும் அவரே வரையறுத்தார். மீற்றருக்கு முன்னுள்ள குழாய் நீர் வழங்கல் சபைக்குரியது. அங்கே கசிந்தால் 1939 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னும் மீற்றர் முள் சுழன்றால், மண்ணுக்குள்ளோ சுவருக்குள்ளோ உடைப்பு இருக்கிறது. தேர்ந்தவரை அழைக்க வேண்டும். மின்சாரம் ஓடும் பம்பையும் சுடுநீர்க் கருவியையும் அத்தொழில் அறிந்தவரிடமே விட வேண்டும்.

இவ்வளவு படித்த நான், அவ்வாண்டு மழைக்காலத்தில் தவறினேன்.

பின்வளவிலிருந்த மலக்குழி நிரம்பி வழிந்தது. பவுசருக்குச் சொன்னால் காசும் அதிகம், காத்திருக்கவும் வேண்டும். குறைந்த கூலிக்கு இறங்கி அள்ள ஆள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். வந்தவர் தமிழர், என்னிலும் மூத்தவர். மூடியைப் பெயர்த்து வைத்து, சட்டையைக் கழற்றி மதிலில் போட்டார். நான் உள்ளே மிஞ்சும் பணத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

வேறு வேலையாக வந்திருந்த பாஸ்தான் ஓடிச்சென்று அவர் தோளைப் பிடித்தார்.

“இறங்க வேண்டாம்! உள்ள காத்து இல்ல!”

நான் விஞ்ஞான ஆசிரியன். ஐதரசன் சல்பைட்டின் சூத்திரத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியவன். செறிவு மிகுந்தால் அது மூக்கின் உணர்வையே மழுங்கடிக்கும். நாற்றமில்லை என்று நம்புகிறவனே முதலில் விழுவான் என்றும் கற்பித்தவன். 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதியில் இறப்பர்த் தொழிற்சாலையொன்றின் குழிக்குள் விழுந்த தொழிலாளியைக் காப்பாற்றப் போனவர்களும் மாண்டதைப் பத்திரிகையில் படித்து வருந்தியவன். அந்த அறிவெல்லாம், கூலியில் சில ஆயிரம் மிச்சம் என்றவுடன் எங்கே போயிற்று?

குழிக்குள் இறங்க வந்தவர் ஏன் தமிழராக இருந்தார் என்ற கேள்வியும் எழுந்தது. கொழும்பைக் கூட்டிக் கழுவுவதற்கென்று தென்னிந்தியாவிலிருந்து ஏழைச் சாதியினரைப் பிரித்தானியர் ஆட்சியிலே கொண்டுவந்தார்கள். இந்திய வம்சாவளியினரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களையும் விடவில்லை. அவர்கள் கையால் நகரம் தூய்மையாயிற்று. அந்தக் கை தந்த தண்ணீரை வாங்கிக் குடிக்க நம்மவரே தயங்கினார்கள். சிங்களத் தொழிலாளி ஒருவர் கண்ட உயிரை, தமிழ் ஆசிரியன் காணவில்லை.

பவுசரை அழைத்தேன். வந்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நன்றியில்லை, கவலைதான் இருந்தது.

“அப்ப இன்னைக்குக் கூலி போச்சா, சேர்?”

முழுக் கூலியையும் கொடுத்தேன். மூவரும் முன்விறாந்தையில் அமர்ந்து தேநீர் குடித்தோம். ஆனால் அக்கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நான் ஒருநாள் கூலி கொடுத்தது என் மனச்சாட்சிக்குப் போதும். அவர் குடும்பத்துக்குப் போதாது. நாளை இன்னொரு வீட்டார் அழைப்பார்கள். அங்கே பாஸ் இருக்க மாட்டார்.

நண்பர்களே, வாஷரை நாமே மாற்றப் பழகுவோம்; நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோம். நம்மால் இயலாததற்கு வல்லவரை அழைத்து, உரிய கூலியும் நாற்காலியும் கொடுப்போம். ஆனால் எந்தக் கூலிக்கும் எந்த மனிதனும் இறங்கக்கூடாத குழியொன்று இருக்கிறது. அதற்கு இயந்திரமும், இதுவரை அதில் இறங்கியவர்களுக்கு வேறு வேலையும் வேண்டுமென்று கேட்பது பாஸின் பொறுப்பன்று, நம்முடையது.