முறுக்கேறிய இரும்பு

மதுரை கீழமாசி வீதிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். லாரிகளிலிருந்து சரக்கு இறங்கத் தொடங்கிவிட்டால் ஏணி போட இடம் கிடைக்காது. ஷட்டர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அப்படித்தான் நேரம் சொல்லியிருந்தார். நான் போனபோது ஒரு மளிகைக்கடை ஷட்டர் பாதி உயரத்தில் நின்றது. அடியில் இரண்டு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். முந்தின இரவு அடைக்கும்போது மேலே ‘டங்’கென்று சத்தம் கேட்டதாம். அதன்பிறகு மூன்று பேர் சேர்ந்துதான் அசைக்க முடிந்தது.

அண்ணன் கட்டைகளைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். “யாரும் உள்ள போகாதீங்க. கட்ட நழுவுச்சுன்னா கால் மிஞ்சாது.” முதல் வேலையாக ஷட்டரை முழுக்க ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்.

நாம் ஒரு கையால் தள்ளிவிடும் ஷட்டர் லேசானதல்ல. 8 அடிக்கு 8 அடி, 18 கேஜ் தகடு என்றால் எழுபது, எண்பது கிலோ வரும். அந்தப் பாரத்தைத் தாங்குவது மேலே பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள். இரண்டு பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு பைப். அது சுற்றாதபடி யு-கிளாம்பு போட்டு இறுக்கியிருக்கும். பைப்பின்மேல் வட்ட டப்பாக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங். அதன் ஒரு முனை பைப்பிலும் மறுமுனை டப்பாவிலும் மாட்டியிருக்கும். ஷட்டரை இறக்க இறக்கத் தொங்கும் எடை கூடும். ஸ்பிரிங்கும் கூடவே முறுக்கேறும். ஏற்றும்போது எடை குறையும், முறுக்கும் தளரும். இந்த ஈடுதான் சூட்சுமம். ஷட்டர் பெரிதாகப் பெரிதாக இது மட்டும் போதாது. பால் பேரிங், அதற்கும் மேலே போனால் செயினும் கியரும் வேண்டும்.

பைப்பை இறக்கி டப்பாவைப் பிரித்தார்கள். ஒடிந்த ஸ்பிரிங்கை அண்ணன் என் கையில் கொடுத்தார். முறிந்த இடத்தில் முக்கால்வாசி கறுத்துத் துருவேறியிருந்தது. ஓரத்தில் நூலளவுக்கு மட்டும் வெள்ளைப் பளபளப்பு. “அந்த வெள்ளதான் நேத்து ஒடிஞ்சது. மத்தது எப்பவோ விரிஞ்சு போச்சு.” காரணமும் தலைக்கு மேலேயே இருந்தது. பெயர்ப்பலகை மாட்டியவர்கள் மேல்மூடித் தகட்டில் போட்ட ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கியிருக்கிறது.

கடைக்காரர், ஒடிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார். அண்ணன் சம்மதிக்கவில்லை. “மூணும் ஒரே நாள்ல மாட்டுனது முதலாளி. மூணும் ஒரே மாதிரிதான் உழைச்சிருக்கு. மத்த ரெண்டும் எத்தன நாளைக்குத் தாங்கும்?” சிறிது நேரம் பேரம் நடந்தது. கடைசியில் மூன்றையும் மாற்ற ஒப்புக்கொண்டார். அண்ணன் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். பழைய ஸ்பிரிங்கோடு புதியதைக் கோத்தால் பாரம் ஒரு பக்கமாகச் சாயும், ஷட்டரின் பட்டிகள் பக்கவாட்டுக் கைடில் உரசிக் கோணும்.

புது ஸ்பிரிங்குகளுக்குக் கிரீஸ் தடவிப் பைப்பை மேலேற்றிய பிறகு முறுக்கேற்றும் வேலை. நான் பயந்து பார்த்தது இதைத்தான். யு-கிளாம்பைத் தளர்த்திவிட்டு, பைப் ரெஞ்சால் பைப்பைக் கால் சுற்றுத் திருப்புகிறார். அதை அப்படியே பிடித்திருக்க, உதவியாள் இரண்டாவது ரெஞ்சைக் கவ்வக் கொடுக்கிறார். அது பிடித்த பிறகுதான் முதல் ரெஞ்சு கழலும். இருவரும் பேசுவதில்லை, “பிடி”, “விடு”, அவ்வளவுதான். ரெஞ்சு நழுவினால் சேர்ந்திருக்கும் விசை முழுக்க அதன் கைப்பிடி வழியாகத் திரும்ப வரும். அண்ணனின் இடது மணிக்கட்டு அப்படி ஒருமுறை முறிந்து, சற்றுக் கோணலாகவே கூடியிருக்கிறது. கையுறை கிடையாது. நிற்பது மர ஏணி. ஒரு சாரம் கட்டிக் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? கல்லாவில் பூ வைத்து வணங்கித் தொடங்கும் கடைகளில் இந்த ஒரு ஏற்பாடு இல்லாதது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கிளாம்பை இறுக்கிய பின் ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கையை எடுத்தார். மெல்ல மேலேறியது. முறுக்கு அதிகம். மறுபடி ஏறி அரைச்சுற்றுத் தளர்த்தினார். இப்போது விட்ட இடத்திலேயே நின்றது.

கடைப் பையனைக் கூப்பிட்டு அவனையே ஏற்றி இறக்கச் சொன்னார். “மேல போறப்ப கைய விட்றாத தம்பி, கடைசி வரைக்கும் கூடவே போ. கைடுல எண்ண விடாத. தூசி ஒட்டிக் கல்லாயிரும். துணியால தொடச்சாப் போதும். என்னைக்காவது கனமாத் தெரிஞ்சா அன்னைக்கே போன் போடு.”

கடைக்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பின்னாலிருக்கும் குடோன் ஷட்டரையும் ஒரு எட்டுப் பார்க்கச் சொன்னார். கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தது என்று கேட்டார் அண்ணன். மாட்டியதிலிருந்து வைத்ததில்லை என்றார் கடைக்காரர். உதவியாள் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.