ஒரு கூடைக் கிழங்கும் மூன்று கேள்விகளும்

நுவரெலியாவிலிருந்து ஹக்கலைப் பூங்காவைக் கடந்து பஸ் வண்டி கீழிறங்கத் தொடங்கியதும் குளிர் சற்றே தளர்கிறது. தென்மேல் பருவமழையை மத்திய மலைகள் மறித்துக்கொள்வதால் ஊவாவின் வெயிலும் காற்றும் தனிக் குணமுடையவை. கெப்பெட்டிபொலையைத் தாண்டினால் வெலிமடை. மேலே தேயிலை, கீழே படிப்படியாக வெட்டிய உருளைக்கிழங்குப் பாத்திகள். கண்கொள்ளாக் காட்சிதான்! ஆயினும் நாம் சென்றது ஒரு தோட்டப் பாடசாலையைக் காண்பதற்கே.

தோட்டப் பாடசாலைகளின் கதை வாசகர் அறியாததன்று. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் அவை தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டிருந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே பல இடங்களில் நிலை. 1977 முதல் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கலாயிற்று. பின்னர் கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியரும் வந்தனர். ஆனால் விரைந்து ஓடும் பிள்ளையும் தயங்கி நிற்கும் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் சிக்கல் தீர்ந்தபாடில்லை.

நாம் நுழைந்தது நான்காம் வகுப்பு. டீச்சர் மேசைமீது ஒரு கூடை உருளைக்கிழங்கை வைத்தார். ஒரு குழுவினர் அவற்றைப் பத்துப் பத்தாகக் குவித்து மீதியைச் சொல்லவேண்டும். அடுத்த குழுவினர் ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று நிறுத்து, ஐம்பது கிலோ மூடைக்குக் கணக்கிடவேண்டும். மூன்றாவது குழுவினருக்கு விதை, உரம், கூலி, லொறி வாடகை யாவும் கழித்து நட்டமின்றி விற்கும் விலையைக் காணும் பணி.

எண்ணும் குழுவிலிருந்த ஒரு சிறுவன், தராசைப் பார்த்தவாறே, "கிலோவுக்குப் பதினொன்று நிற்கும், டீச்சர்" என்றான். நிறுத்தபோது பன்னிரண்டு! வாசிக்கத் தடுமாறும் அவன், மாலைவேளைகளில் பெற்றோருடன் மரக்கறித் தோட்டத்துக்குச் செல்பவன். டீச்சர் உடனே அவனைத் தராசுக் குழுவுக்கு மாற்றி, கேள்வியைத் தாமே வாசித்துக் காட்டினார்.

விலைக் கணக்கை முடித்துவிட்டுச் சன்னலை நோக்கியிருந்த சிறுமி ஒருத்தியிடம், "ஒவ்வொருவர் நிறுக்கும்போதும் எண்ணிக்கை மாறுகிறதே, ஏன்?" என்று கேட்டார். எப்போதும் முதலில் கை உயர்த்தும் அவள் அன்று வெகுநேரம் யோசித்தாள்.

1934 இல் மறைந்த ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி, பிள்ளை தனித்துச் செய்யவல்லதற்கும் துணையோடு செய்யவல்லதற்கும் இடைப்பட்ட வெளியை 'அண்மை விருத்தி வலயம்' என்றார். கற்பித்தல் அந்த இடைவெளியை நோக்கியே அமையவேண்டும் என்பது அவர் கருத்து. அச்சிறுவனுக்கும் சிறுமிக்கும் அவ்வெளி வெவ்வேறு இடத்தில் இருந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

இடைவேளையில் டீச்சர் மெல்லச் சொன்னார்: "இரண்டு தவணை அவனைப் பின்வாங்கில் இருத்தியது நான்தான். ஒரு பாடத்துக்கு மூன்று ஆயத்தம் செய்ய இரவு போதவில்லை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அங்கே எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான்."

அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. ஆசிரியரின் இரவுகளை மட்டும் நம்பி இத்தகைய வகுப்பறைகள் நெடுநாள் நிலைக்குமா என்பதைக் கல்விப் பகுதியினர்தாம் சிந்திக்கவேண்டும்.

நாம் விடைபெற்றபோது, கிழங்குக் கூடையைச் சமையலறைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு அச்சிறுவனுக்குக் கிடைத்திருந்தது. போகும் வழியிலும் அவன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நிறை பார்த்துக்கொண்டே சென்றான்.