முறிகண்டி தாண்டிட்டன்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இரவு எட்டரைக்கு சூட்கேஸும் பிள்ளையும் குட்டியுமாக நிற்கிற சனத்தைப் பார்த்தாலே தெரியும், யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்கினம் என்று. மாதத்தில் ஒருமுறையாவது நானும் அந்தக் கூட்டத்தில் நிற்பேன். வீடு சாவகச்சேரி, கம்பஸ் கொழும்பு. கலைப்பீடம், இரண்டாம் வருஷம். போக எட்டு மணித்தியாலம், வர எட்டு மணித்தியாலம். கூட்டிப் பார்த்தால் நான் லைப்ரரியில் இருந்த நேரத்தைவிட அந்த பஸ் சீட்டில் இருந்த நேரம் கூட என்றுதான் நினைக்கிறேன்.

ஏறினவுடன் எல்லாரும் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். போனை எடுத்து பஸ்ஸின் வைஃபைக்கு பாஸ்வேர்ட் கேட்பது. கொண்டக்டர் அண்ணையும் சலிக்காமல் சொல்லுவார். வத்தளை தாண்ட முதலே அது சுத்தத் தொடங்கிவிடும். அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்குள் இருக்கிறது ஒரு சின்ன ரவுட்டர், அதுக்குள் ஒரே ஒரு சிம். எங்கட போன் பிடிக்கிற அதே டவரைத்தான் அதுவும் பிடிக்குது. அந்த ஒரு சிம்மை நாற்பது பேர் பங்குபோட்டு ரீல்ஸ் பார்த்தால் ஆருக்கும் ஒன்றும் கிடைக்காது. வைஃபை அடையாளம் முழுசாகக் காட்டும். அது உங்கட போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கிற உறவு மட்டும்தான். ரவுட்டருக்கும் வெளி உலகத்துக்கும் என்ன நிலைமை என்று அது காட்டாது.

இதெல்லாம் எனக்கு அடிபட்டுத்தான் தெரிய வந்தது.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை. அம்மம்மாவின் ஆட்டத் திவசத்துக்கு வீட்டுக்குப் போகிறேன். அன்றைக்கு இரவு 11.59க்கு ஒரு எசைன்மென்ட் ஒன்லைனில் போடவேண்டும். "பஸ்ஸில வைஃபை இருக்குத்தானே, கடைசிப் பக்கத்தை அதுக்குள்ள இருந்து எழுதி அனுப்பலாம்" என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். எழுதி முடிக்கும்போது சிலாபம் தாண்டிவிட்டது. ஃபைலை ஏற்றினால் பாதி வரை போகும், அப்படியே நிற்கும், பிறகு பிழை என்று சொல்லி முதலில் இருந்து தொடங்கச் சொல்லும். மூன்று தரம். வைஃபையை நிற்பாட்டி என் டேட்டாவில் போட்டேன். இரண்டு ஊருக்கு நடுவில் அதுவும் ஒரு கோட்டுக்கு இறங்கிவிட்டது. மணி 11.40.

பக்கத்து சீட்டில் இருந்த அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறா. "தங்கச்சி, அது எத்தின எம்பி?" என்று கேட்டா. பார்த்தேன், பதினெட்டு. போனால் படம் எடுத்து ஒட்டின நாலு பழைய பத்திரிகைப் பக்கங்கள்தான் அந்தப் பாரத்துக்குக் காரணம். "படங்களைச் சின்னனாக்கும். என்ர மற்றக் கொம்பனி சிம், நான் ஹொட்ஸ்பொட் போட்டுத் தாறன்." படங்களைச் சுருக்கின பிறகு ஃபைல் ஒரு எம்பிகூட இல்லை. 11.54க்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அக்காவுக்கு இன்றைக்கும் நான் கடன்.

அந்த இழுபறியில் நான் கவனிக்காத விஷயம், அம்மா அதுக்குள் நாலு தரம் கோல் எடுத்திருக்கிறா. திருப்பி எடுப்போம் என்று பார்த்தால் போனில் சார்ஜ் மூன்று வீதம். புத்தளத்தில் போன் செத்தது. சீட்டில் இருந்த சார்ஜர் ஓட்டை வேலை செய்யவில்லை. சரி, விடியத்தானே வீடு என்று நித்திரையாகிவிட்டேன்.

சிக்னல் குறைந்த இடத்தில் போன் சும்மா இருக்காது. டவர் தூரமாக இருந்தால் அதுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் கூட்டிக் கத்தும். டவரே இல்லாவிட்டால் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கும். ரெண்டுக்கும் பற்றரிதான் போகும். பஸ்ஸின் தகரமும் கறுப்புக் கண்ணாடியும் வேறு சிக்னலை மறைக்கும். ஆக, எங்களுக்கு போன் மிகவும் தேவைப்படுகிற இடத்தில்தான் அது மிகவும் கெதியாகச் சாகும்.

விடிய நாலரைக்கு சாவகச்சேரியில் இறங்கினால், சந்தியில் அம்மா நிற்கிறா. பக்கத்தில் எங்கட பக்கத்து வீட்டு மாமா, மோட்டார் சைக்கிளோடு. மூன்று மணியில் இருந்து நிற்கினமாம். நான் பேச்சு வாங்கத் தயாராகத்தான் இறங்கினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு நடந்தா. அது பேச்சைவிடப் பாரமாக இருந்தது.

எனக்குக் கோபமும் வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். "அம்மா, ஒரு இரவு போன் வேலை செய்யாட்டி என்ன? நான் என்ன சின்னப் பிள்ளையே? உங்கட காலத்தில போனே இல்லையே, எப்படி இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

தேத்தண்ணி போட்டுக்கொண்டே அம்மா சொன்னா. 1993இல் பெரிய மாமா கொழும்புக்குப் போனது கிளாலியால. ஆனையிறவுப் பாதை பூட்டு. கிளாலியில் இரவில் வள்ளம் ஏறி, கடல்நீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து வன்னி, பிறகு வவுனியா. அந்தக் கடலில் கடற்படையின் தாக்குதலில் சனம் செத்துக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. மாமா பத்திரமாகப் போய்ச் சேர்ந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருக்கிறார் என்ற கடிதம், கொழும்பில் இருந்து வந்த ஒருவரின் கையில் வீட்டுக்கு வந்தது பதினேழாவது நாள். அந்தப் பதினேழு நாளும் அம்மம்மா படலையடியில்தான் இருந்தாவாம்.

"நாங்கள் அப்படித்தான் இருந்தனாங்கள்" என்றா அம்மா. அதுக்கு மேலே ஒன்றும் சொல்லவில்லை.

என்னிடமும் பதில் இல்லை. ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் திரும்பப் பூட்டினது, 2009க்குப் பிறகு மீண்டும் திறந்தது எல்லாம் எனக்குப் பாடம். நான் ஏறுகிற பஸ் அந்த வீதியால்தான் வருகுது, வவுனியாவுக்கும் சாவகச்சேரிக்கும் இடையில். எனக்கு அது ஏசி போட்ட நித்திரை. அம்மாவுக்கு அந்த வீதியில் ஆள் 'தொடர்பில் இல்லை' என்றால் அதுக்கு வேறு அர்த்தம். மூன்று பாஷையிலும் மாறி மாறி "தொடர்புகொள்ள முடியாது" என்று சொல்லுகிற அந்தப் பொம்பிளைக் குரல் அம்மாவின் காதில் எப்படி விழும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

யோசித்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நான் அப்போது ஸ்கூல் பிள்ளை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கிட்டத்தான், கொட்டாஞ்சேனையில், சித்தி வீடு. குண்டு வெடித்த செய்தி வந்த பிறகு வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் அரசாங்கம் முடக்கிவிட்டது. நாங்கள் சித்திக்குப் போட்ட மெசேஜ் ஒன்றும் போகவில்லை. கடைசியில் கிடைத்தது சித்தி வீட்டு மேசையில் தூசி பிடித்துக் கிடந்த லான்ட் லைன்தான். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நேரமும் இதே கதைதான். டவருக்கும் கரண்ட் வேண்டும். பற்றரியோ ஜெனரேட்டரோ ஓடுமட்டும்தான் அதுவும் ஓடும்.

யூடியூபில் அமெரிக்காவில், அவுஸ்திரேலியாவில் வானையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரியிற ஆக்களின் வீடியோக்களை நான் விரும்பிப் பார்ப்பேன். கூரையில் ஸ்டார்லிங்க் தட்டு, உள்ளுக்குள் ரெண்டு கொம்பனி சிம் போட்ட ரவுட்டர், எங்கே நிற்பாட்டினாலும் மீட்டிங். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் எங்கட நாட்டுக்கும் வந்துவிட்டது. ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுத்துகிற செய்மதிகளோடு பேசுகிற சாமான் அது, டவர் தேவையில்லை. ஆனால் வானம் வெளியாகத் தெரியவேண்டும். மரத்துக்குக் கீழே போனால் அதுவும் அறுந்து அறுந்துதான் வரும். அந்த வீடியோக்களில் நான் கவனித்த முக்கியமான விஷயம் தட்டு இல்லை. அந்த ஆக்கள் ஒருத்தரும் ஒரு இணைப்பை மட்டும் நம்பிப் பயணம் போவதில்லை. எங்கே அறும் என்று முதலே பார்த்து வைக்கினம். அறுந்தால் என்ன செய்வது என்றும் முதலே முடிவெடுத்து வைக்கினம்.

அதை நான் என் பஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டேன். அடுத்த மூன்று பயணத்திலும் சிக்னல் எங்கே விழுது என்று கொப்பியில் குறித்தேன். புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் காட்டுப் பக்கம் ஒரு துண்டு. புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இன்னும் ரெண்டு துண்டு. காரணம் விளங்குகிறதுதான். டவர் போடுகிறவை சனம் இருக்கிற இடத்தில்தான் போடுவினம். இடையில் இருக்கிற காட்டுக்கு வாடிக்கையாளர் நாங்கள்தான், அதுவும் அஞ்சு நிமிஷத்துக்கு.

இப்போது இரண்டாவது சிம்மாக வேறு கொம்பனி ஒன்று வைத்திருக்கிறேன். ரெண்டும் ஒரே கொம்பனி என்றால் ஒரு டவர் விழும்போது ரெண்டும் சேர்ந்து விழும். வாசிக்கவேண்டிய பிடிஎஃப் எல்லாம் வெள்ளவத்தையிலேயே இறக்கிவிடுவேன். ஏற்றவேண்டியது எதையும் பஸ்ஸுக்கு மிச்சம் வைப்பதில்லை. பவர் பேங்க் இல்லாமல் ஏறுவதில்லை. காட்டுத் துண்டு வரும்போது ஏரோபிளேன் மோட்.

அம்மாவோடு ஒரு ஒப்பந்தமும் போட்டேன். மூன்று இடத்தில் எஸ்.எம்.எஸ் போடுவேன்: புத்தளம், வவுனியா, முறிகண்டி. வட்ஸ்அப் இல்லை, எஸ்.எம்.எஸ். டேட்டா வராத ஒரு கோடு சிக்னலிலும் அது போய்விடும், ஏனென்றால் அதுக்குத் தேவைப்படுகிற இடம் அவ்வளவு சின்னது. முறிகண்டியில் எப்படியும் பஸ் நிற்கும், பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி ஏறுவினம். ஒரு இடத்தில் மெசேஜ் வராவிட்டால் ஒரு மணித்தியாலம் பொறுங்கோ, அதுக்குப் பிறகு பயப்படுங்கோ என்றேன். அம்மா "ம்" என்றா. நம்பவில்லை என்று தெரிந்தது.

ரெண்டு மாதத்துக்கு முதல் அம்மா கண் கிளினிக்குக்குக் கொழும்புக்கு வந்தா, தனிய. நான் வெள்ளவத்தை போர்டிங்கில். "வவுனியா தாண்டிட்டன்" என்று மெசேஜ் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. புத்தளம் வரவேண்டிய நேரம் வந்தது, போனது. வட்ஸ்அப்பில் "எங்க அம்மா?" என்று போட்டேன். ஒரு சரி அடையாளம் மட்டும். அது ரெண்டாக மாறும் மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் எடுத்தேன். அதே பொம்பிளைக் குரல், மூன்று பாஷையிலும். காட்டுத் துண்டுதான், அங்கே சிக்னல் இல்லை என்று என் கொப்பியிலேயே எழுதியிருக்கிறேன். எழுதியிருந்து என்ன? யானை, லொறி, நித்திரை தூங்கின டிரைவர் என்று எல்லாம் மண்டைக்குள் ஓடுது. அறை அக்கா எழும்பி "படும் பிள்ளை" என்றா. படுக்க ஏலவில்லை. கீழே இறங்கி கேற்றடியில் போய் நின்றேன். கொழும்பில் நின்றுகொண்டு புத்தளத்து பஸ்ஸுக்கு கேற்றடியில் நின்று என்ன பிரயோசனம் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும் கழித்து ரெண்டு சரி அடையாளமும் ஒன்றாக விழுந்தது. பின்னால் அம்மாவின் எஸ்.எம்.எஸ்: "டயர் காத்துப் போட்டுது. மாத்தியாச்சு. புத்தளம். நீ படு."

விடிய வெள்ளவத்தையில் இறக்கினவுடன் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஒன்றும் சொல்ல வரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மணித்தியாலம்தானே பிள்ளை" என்று சிரித்தா.

போன கிழமையும் ஊருக்குப் போனேன். புத்தளத்தில் ஒன்று, வவுனியாவில் ஒன்று. முறிகண்டியில் இறங்கி, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டு, தேங்காய்ச் சிதறலுக்குள் நின்று மூன்றாவதையும் தட்டினேன்: "முறிகண்டி தாண்டிட்டன்." உண்மையில் இன்னும் தாண்டவில்லை, பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்த துண்டில் சிக்னல் எப்படியோ தெரியாது, அம்மா கொஞ்சம் முந்தியே நித்திரை கொள்ளட்டும் என்று போட்டேன்.

உடனே பதில் வந்தது. "சரி. கச்சான் வாங்கினியே?"